தாபோடித் தோட்டமும் தளேகாவ் பூவும்

சிஞ்ச்வட் என்ற பெயருக்குள் இரண்டு மரங்கள் நிற்கின்றன. மராத்தியில் 'சிஞ்ச்' என்றால் புளி, 'வட்' என்றால் ஆல். இங்கே வந்து குடியேறிய முதல் மாதத்திலேயே யாராவது ஒரு மராத்தி நண்பர் இதை நமக்குச் சொல்லியிருப்பார். நமக்கும் இது புதுசு இல்லை. புளியங்குடியும் ஆலங்குடியும் கண்டவர்கள்தானே நாம்! மரம் மட்டுமா, முழங்கால் உயரம்கூட வளராத செடிகளையும் நம்மவர்கள் விட்டுவைக்கவில்லை. மதுரைப் பக்கம் தும்பைப்பட்டி, காவிரிக்கரையில் நெருஞ்சிப்பேட்டை என்று ஊருக்கு வைத்திருக்கிறார்கள். நான் எழுத வந்த பூவுக்கோ ஊர்ப்பெயராகும் பாக்கியம் இருக்கட்டும், 2024-ஆம் ஆண்டு வரை தனக்கென்று ஒரு அறிவியல் பெயரே கிடையாது. இத்தனைக்கும் அது நம் வீட்டு வாசலிலிருந்து லோக்கல் ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில் பூத்துக்கொண்டிருந்தது.

அதன் பெயர் டிக்ளிப்டெரா பாலிமார்ஃபா. லோணாவளா லோக்கலில் சிஞ்ச்வட்டிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் தளேகாவ் வருகிறதல்லவா, அந்த தளேகாவ் தாபாடேயின் புல்மேடுகள்தான் அதன் இருப்பிடம். 2020-இல் அங்கிருந்து முதல் மாதிரிகளைச் சேகரித்தவர் ஆதித்ய தாரப் என்ற இயற்கை ஆர்வலர். சேகரித்ததோடு விட்டுவிடாமல், அந்தச் செடிகளைப் பருவம் பருவமாக இரண்டொரு ஆண்டுகள் போய்ப் பார்த்து, அதன் குணங்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று கவனித்திருக்கிறார். புணே அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் மந்தார் தாதார், ஆய்வு மாணவர் பூஷண் ஷிக்வண் ஆகியோருடன் சேர்ந்து இது புதிய இனம் என்ற முடிவுக்கு வந்தார்கள். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் டார்பிஷயர், இந்தக் குடும்பத்துச் செடிகளில் உலகறிந்த நிபுணர், அதை உறுதி செய்தார். 2024-இல் 'கியூ புல்லட்டின்' இதழில் கட்டுரை வந்தது.

நான் தாவரவியல் படித்தவனல்ல. டூல் ரூமில் முப்பது வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்தவன். அதனாலேயே இந்தக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற இரண்டு பொருள்களில் எது வேறு என்று அளந்து சொல்கிற வேலைதான் அவர்கள் செய்ததும். இந்தியாவில் அறியப்பட்ட மற்ற டிக்ளிப்டெரா இனங்களில் எதிலும் பூங்கொத்துகள் கதிர் போல ஒன்றன்மேல் ஒன்றாக அமைவதில்லை. இதில் மட்டும் அமைகின்றன. இதற்கு மிக நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவில் இருக்கிறதாம்! நடுவே எவ்வளவு பெரிய கடல்!

நமக்கும் இது தூரத்துச் சொந்தம்தான். அகாந்தேசி என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். நீலகிரியிலும் மூணாறிலும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி, நம் வீட்டுப் பெண்கள் தொடுக்கும் கனகாம்பரம், டிசம்பர் பூ, சளிக்கு ஆடாதோடை, காய்ச்சலுக்கு நிலவேம்பு, குளக்கரை நீர்முள்ளி எல்லாம் இதே குடும்பம். இந்தப் பக்கத்து மலைகளில் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் 'கார்வி'யும் அப்படித்தான். டிக்ளிப்டெரா என்ற கிரேக்கச் சொல்லுக்கு இரட்டைக் கதவு போன்ற சிறகு என்று பொருள் சொல்கிறார்கள். விதைப்பை வெடித்து விரியும் விதத்தைக் குறித்தது. பாலிமார்ஃபா என்றால் பல வடிவம் கொண்டது. இதைத் தமிழாக்கி 'பல்லுருவி' என்று வைக்கலாமென்று தோன்றியது. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் புல்லுருவி என்று காதில் விழுகிறது. பாவம், அந்தப் பழி எதற்கு?

இதன் விசேஷம் வருஷத்துக்கு இரண்டு முறை பூப்பது. மழை ஓய்ந்தபின் நவம்பர் தொடக்கத்தில் பூக்க ஆரம்பித்து மார்ச், ஏப்ரல் வரை பூக்கிறது. நம் கணக்கில் ஐப்பசிக் கடைசியிலிருந்து பங்குனி வரை. மேட்டுப் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகி, ஹோலி வந்து, வசந்தம் எட்டிப் பார்க்கும் வரை அது தாக்குப்பிடிக்கிறது. இரண்டாவது பூப்பு மே, ஜூனில். அதைத் தொடங்கி வைப்பது நெருப்பு! கோடையில் காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். புதுப் புல் துளிர்த்தால் மாட்டுக்கு ஆகும் என்பதற்காக. 'வணவா' என்பார்கள் மராத்தியில். மேலே எல்லாம் கரியான பிறகு, மண்ணுக்கடியில் உயிரோடு இருக்கும் கட்டை போன்ற வேர்த்தண்டிலிருந்து குட்டையான தளிர்கள் கிளம்பி, அவசர அவசரமாக, ஆனால் முதல் முறையைவிட ஏராளமாகப் பூக்கின்றன. அந்தப் பூப்பு சீக்கிரமே முடிந்துவிடும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒரு பூ யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டுமானால் அது யாரும் போகாத காட்டில் இருக்க வேண்டும். இது இருந்த இடமோ, இந்தியாவிலேயே தாவரவியல்காரர்கள் அதிகம் நடமாடிய பிரதேசங்களில் ஒன்று. அதிலும் ஒரு பெரிய தாவரவியல் தோட்டம் நம் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாம் தினமும் ரயிலில் கடக்கும் தாபோடிதான் அது. பவனா ஆறு முலாவில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பேஷ்வாவின் காலத்தில் கேப்டன் ஃபோர்டு என்ற ஆங்கிலேய அதிகாரி தன் படையோடு இருந்த இடம். 1817 நவம்பர் 5-ஆம் தேதி கட்கிப் போருக்கு அவர் படை தாபோடியிலிருந்துதான் போய்ச் சேர்ந்தது. மராட்டிய ஆட்சி முடிந்த பிறகு, பம்பாய் கவர்னர் சர் ஜான் மால்கம் காலத்தில், 1828-இல் அங்கே தாவரவியல் தோட்டம் அமைந்தது. 1838 முதல் அதைப் பார்த்துக்கொண்டவர் அலெக்ஸாண்டர் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர். படைக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேண்டிய மூலிகை மருந்துகளை இங்கேயே வளர்த்துச் செய்து கொடுத்துக் கம்பெனிக்குப் பணம் மிச்சம் பிடித்தவர். 1847-இல் பம்பாய் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஆனார். மலையில் மரத்தை வெட்டினால் ஓடை வற்றும் என்று அந்தக் காலத்திலேயே அரசாங்கத்துக்கு எழுதி எச்சரித்தவர்.

கிப்சன் ஒரு ஓவியரை அமர்த்தி, 1847 முதல் 1850 வரை தாபோடித் தோட்டத்துச் செடிகளைப் படமாக எழுத வைத்தார். சுமார் 170 படங்கள். அவை எடின்பரோ தாவரவியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்து, 2002-இல் ஹென்றி நோல்டி என்ற அறிஞரின் முயற்சியால் புத்தகமாக வந்தன. வரைந்தவர் போர்த்துகீசிய-இந்தியர் என்பது வரை தெரிகிறது. பெயர் தெரியவில்லை. இங்கே நம் சென்னையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற டாக்டர் தென்னிந்தியச் செடிகளுக்குப் பெரிய படத்தொகுதி ஒன்றை (1838-1853) வெளியிட்டார். அவருக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இருவர். வைட் அவர்கள் பெயரைப் படத்தின் கீழேயே அச்சிட்டார். 1853-இல் ஓர் ஆர்க்கிட் செடிக்குக் 'கோவிந்தூவியா' என்றே பெயர் சூட்டினார்! பின்னால் வந்தவர்கள் அதை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், அது வேறு விஷயம். ஆனாலும் கோவிந்துவுக்கு ஒரு பூ கிடைத்தது. தாபோடி ஓவியருக்குத் தன் படத்தின் அடியில் ஒரு கையெழுத்துக்கூடக் கிடைக்கவில்லை.

கிப்சனுக்குப் பிறகும் இந்தப் பக்கம் ஆள் குறையவில்லை. அவரும் டால்ஸெலும் சேர்ந்து எழுதிய 'பம்பாய் ஃப்ளோரா' 1861-இல் வந்தது. ஜுன்னர் மலைப்பாறைகளில் கண்ட ஓர் அபூர்வச் செடிக்கு டால்ஸெல் 1860-களில் பெயர் வைத்தபோது, கவர்னர் பார்ட்டில் ஃப்ரியரின் பெயரை வைத்து 'ஃப்ரேரியா' ஆக்கினார். சத்ரபதி சிவாஜி பிறந்த சிவனேரிக் கோட்டைப் பாறையில் வளரும் செடிக்கு ஆங்கிலேய கவர்னர் பெயர்! இப்போது மக்கள் அதைச் 'சிவசுமன்' என்கிறார்கள். நியாயம்தான். அப்புறம் தியோடர் குக் வந்தார். ரயில்வே இன்ஜினியராக இந்தியாவுக்கு வந்து, பூனா சயன்ஸ் காலேஜுக்கு முதல்வராக இருந்து, 1901-1908 காலத்தில் பம்பாய் மாகாணச் செடிகள் அனைத்துக்கும் நூல் எழுதினார். நம் இன்ஜினியர் அன்பர்கள் கவனிக்க! ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் சாந்தபாவ் கண்டாலாவின் தாவரங்களை அலசி எழுதியது 1953-இல். அகாந்தேசி குடும்பத்துக்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதியவர் அவர். டிக்ளிப்டெரா பேரினத்தில் 'காடிகா' என்ற ஒன்றுக்குப் பெயரும் வைத்தவர். கண்டாலாவுக்கும் தளேகாவுக்கும் ரயிலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1955-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் மேற்கு வட்ட அலுவலகமே புணேயில் வந்துவிட்டது.

இவ்வளவு பேர் இருந்தும் இந்தப் பூ ஏன் பெயரில்லாமல் கிடந்தது?

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவர் தேக்கைத் தேடினார், ஒருவர் மருந்தைத் தேடினார், ஒருவர் மழைக்காட்டில் அலைந்தார். மழைக்காலத்தில் சஹ்யாத்ரியில் பூ பார்க்கப் போவதுதான் இன்றைக்கும் வழக்கம். தீ எரிந்து முடிந்த கரிமேட்டில், மே மாத வெயிலில், விரல் நீளத் தளிரைத் தேடி யார் ஏறுவார்? ஆனால் என் கணிப்பில் இன்னொரு காரணமும் உண்டு. அது அந்த நிலத்துக்கு நாம் வைத்த பெயர்.

மராத்தியில் இந்த மேட்டுப் புல்நிலத்தை 'மாள்ரான்' என்கிறார்கள். மேய்ச்சலுக்கு விட்டது 'காய்ரான்'. புல் அறுக்கக் காத்து வைத்தது 'குரண்'. மாட்டை ஓட்டிப் போனவனுக்கு ஒவ்வொன்றும் வேறு வேறு இடம். 1836-இல் இதே புணே ஜில்லாவின் இந்தாபூர் தாலுகாவில் கோல்ட்ஸ்மிட், விங்கேட் என்ற இரண்டு அதிகாரிகள் நில அளவை செய்து வரி போடும் புதிய முறையைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு பம்பாய் மாகாணம் முழுவதும் பரவியது. வரிக் கணக்குக்கு வேண்டியது உழுத நிலம். உழாமல் கிடந்தது அவர்கள் பாஷையில் வெறும் நிலம், வீண் நிலம். நம் சென்னை மாகாணத்திலும் கதை இதுதான். வரிக் கணக்குக்குப் புறத்தே போனது 'புறம்போக்கு'. இன்றைக்கு அந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று நான் சொல்ல வேண்டாம், வீட்டில் குழந்தைகள் இந்த மலரைப் படிப்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் பார்வை மாறவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு 'வேஸ்ட்லேண்ட் அட்லஸ்' என்று தரிசு நில வரைபடங்களை வெளியிடுகிறது. புதரும் புல்லுமாகக் கிடக்கும் மேட்டு நிலங்களில் பெரும்பகுதி அதற்குள் அடக்கம்.

நம் முன்னோர்கள் இதே மாதிரி நிலத்துக்கு வைத்த பெயர் என்ன? முல்லை. புல்லும் இடையிடையே குட்டை மரங்களும், ஆடுமாடுகளும் ஆயரும் உள்ள நிலத்துக்கு ஒரு பூவின் பெயர். மலைக்கும் அப்படியே, குறிஞ்சி. ஐந்து நிலத்துக்கும் தாவரத்தின் பெயரை வைத்த மரபு நம்முடையது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்டு அந்தப் பட்டியலை நம் கையில் கொடுத்தார். பிறகு பி.எல்.சாமி போன்றவர்கள் எந்தப் பெயர் எந்தச் செடி என்று தேடித் தேடி எழுதினார்கள். அதில் சில பெயர்களுக்கு இன்றுவரை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அங்கே பெயர் இருக்கிறது, செடி எது என்று தெரியவில்லை. தளேகாவில் செடி இருந்தது, பெயர் இல்லை. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே வேலையின் இரண்டு முனைகள்!

பெயர் இல்லாவிட்டால் என்ன, பூ பூக்காதா என்று கேட்பீர்கள். பூக்கும். தளேகாவின் சரித்திரத்தைப் பாருங்கள். 1779 ஜனவரியில் பம்பாயிலிருந்து புணேயைப் பிடிக்கப் புறப்பட்ட ஆங்கிலேயப் படை தளேகாவ் வரை வந்து சேர்ந்தது. மராட்டியர்கள் எதிரிக்கு ஒரு பிடி தானியமும் கிடைக்கக் கூடாதென்று ஊரையே எரித்துவிட்டிருந்தார்கள். சோறில்லாமல் பின்வாங்கிய படையை மஹாத்ஜி ஷிந்தேயின் ஆட்கள் வட்காவில் மடக்கினார்கள். ஆங்கிலேயர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துத் தப்பினார்கள். நம் லோக்கலில் தளேகாவுக்கு அடுத்த ஸ்டேஷன் அதே வட்காவ்தான். ஜனவரி என்பது இந்தப் பூவின் முதல் பருவத்துக்கு நட்டநடுவே. அந்த மேட்டுச் சரிவுகளில் அது அன்றைக்கும் இருந்திருக்க வேண்டும். எரிந்ததற்கு அஞ்சாத செடி. படைகள் மிதித்த வழியிலும் அடுத்த ஆண்டு எழுந்திருக்கும்.

அதனால் தாங்க முடியாதது ஒன்று உண்டு. ஜே.சி.பி. வேரே மேலே வந்துவிட்டால் தளிர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

1954-இல் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் வந்ததிலிருந்து, 1960-களில் எம்.ஐ.டி.சி. வந்து, தொழிற்சாலை தொழிற்சாலையாக எழுந்து, நம்மைப் போன்ற ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இங்கே சோறு கண்டன. 1970-இல் நகராட்சி, 1982-இல் மாநகராட்சி. நாம் குடியிருக்கும் இடங்களில் பலவும் ஒரு காலத்தில் மாள்ரான்தான். அதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் வேண்டாம். இப்போது நகரம் தேஹு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. சோமாட்டணே, வராளே பக்கமெல்லாம் மனை விளம்பரப் பலகைகள். நம் பிள்ளைகளும் அங்கே ஃப்ளாட் வாங்குகிறார்கள். வாங்கட்டும். எல்லா மேடும் கட்டடமாக வேண்டுமா என்பதுதான் கேள்வி. பெயரில்லாத செடிக்காக எந்த அலுவலகத்திலும் மனுக்கூடக் கொடுக்க முடியாது. பெயர் வந்துவிட்டால் அழியும் நிலையில் உள்ளதா என்று கணக்கெடுக்கலாம், ஒரு சரிவையாவது ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொரு விஷயம், இது சிலருக்குக் கசக்கலாம். ஜூலை வந்தால் மேடுகளில் மரக்கன்று நடும் விழாக்கள் நடக்கின்றன. நல்லெண்ணத்தில்தான். ஆனால் புல்மேட்டில் வரிசையாகக் குழி தோண்டி, வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்களை வைத்து நிழலாக்கினால், வெளிச்சத்தில் வாழும் சிறு செடிகளுக்கு அது வீடு கட்டுவதற்குச் சமம்தான். புணேயைச் சுற்றியுள்ள குன்றுகள் பலவற்றில் கிளிரிசிடியா மரம் அப்படி நிரம்பிக் கிடக்கிறது. முல்லை நிலத்தைக் குறிஞ்சியாக்கப் பார்ப்பது என்று இதைச் சொல்வேன். நம் சங்கத்திலும் மரம் நடும் பேச்சு வரும்போது, எந்த இடம், அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று அகர்கர் நிலையத்தில் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நட்டால் நல்லது. தீயைப் பற்றியும் அப்படியே. எரிந்தால் பூக்கிறது என்று நாம் தீப்பெட்டியோடு கிளம்பிவிடக் கூடாது. அடிக்கடி எரிந்தால் அதற்கும் மற்றவற்றுக்கும் என்ன ஆகும் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துச் சொல்ல வேண்டியது. அவர்களும் தீ மேலாண்மையும் வாழிடப் பாதுகாப்பும் சேர்ந்தே போக வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் பொங்கல் விடுமுறையில் போகலாம். காலை லோக்கலில் தளேகாவ் இறங்கி, தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு மேட்டுச் சரிவில் ஏறினால் போதும். இந்தப் பேரினத்துப் பூவுக்கு இரண்டு உதடுகளும் இரண்டே மகரந்தத் தாள்களும் இருக்கும். குனிந்துதான் பார்க்க வேண்டும். வேரைப் பிடுங்கி வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு வர வேண்டாம். இரண்டாவது பூப்பைப் பார்ப்பதில்தான் நமக்குச் சிக்கல். அது வரும் மே மாதத்தில், அக்னி நட்சத்திரம் என்றும் பாராமல், பரீட்சை முடிந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிஞ்ச்வட் தமிழர்கள் அத்தனை பேரும் ஊருக்கு ரயில் ஏறியிருப்போம். ஜூன் நடுவில் பள்ளி திறக்கத் திரும்பி வரும்போது மழை இறங்கியிருக்கும், மேடெல்லாம் பச்சைப் புல் மூடியிருக்கும்.